எந்த புரோக்கரிடம் டீமேட் கணக்கு தொடங்கலாம்? கட்டணப் பட்டியலைப் படிக்கும் முறை

பங்கு வாங்க முதன்முதலாகக் கணக்கு தொடங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆப் நல்லது?" எல்லாருக்கும் பொருந்தும் பதில் அதற்குக் கிடையாது. மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு இரண்டொரு பங்கு வாங்கிப் போட்டுவைப்பவர், வருடத்துக்கு இரண்டு முறை லட்சக்கணக்கில் வாங்குபவர், காலையில் வாங்கி மாலைக்குள் விற்பவர் என்று மூன்று பேரை எடுத்துக்கொண்டால், ஒருவருக்கு மலிவான புரோக்கர் இன்னொருவருக்கு மலிவாக இருக்க மாட்டார். நீங்கள் இவர்களில் யார் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு மூன்று புரோக்கர்களின் கட்டணப் பட்டியலைத் திறந்து, உங்களுடைய ஒரு வருட வாங்கல் விற்றலை அதில் போட்டுக் கணக்குப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். யூடியூபில் "டாப் 5 ஆப்" பார்ப்பதைவிட இது பலன் தரும். அந்த வீடியோக்களில் பலவற்றின் கீழே இருக்கும் லிங்க் வழியாகக் கணக்கு தொடங்கினால் வீடியோ போட்டவருக்குக் கமிஷன் போகும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

புரோக்கரிடம் இருப்பது என்ன?

பங்கு வாங்க மூன்று கணக்குகள் வேண்டும். பணம் இருப்பது வங்கிக் கணக்கில். ஆர்டர் போடுவது டிரேடிங் கணக்கில். வாங்கிய பங்கு போய்ச் சேருவது டீமேட் கணக்கில். ஆப் ஒன்றாக இருப்பதால் எல்லாம் புரோக்கரின் கையில் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் பங்குகள் இருக்கும் இடம் டெபாசிட்டரி. இந்தியாவில் இருப்பவை இரண்டு: என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல். புரோக்கர் அவற்றின் முகவர் மட்டுமே. உங்கள் டீமேட் எண்ணைப் பார்த்தாலே எந்த டெபாசிட்டரி என்று தெரிந்துவிடும்: 16 இடங்களும் எண்களாக இருந்தால் சிடிஎஸ்எல், 'ஐஎன்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் என்எஸ்டிஎல்.

இதனால்தான் புரோக்கர் கடையை மூடினாலும் பங்குகள் காணாமல் போவதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் டீமேட்டிலிருந்து அவற்றை யாரும் ஏற்கெனவே வெளியே எடுத்திருக்கக் கூடாது. கார்வி விவகாரத்தில் நடந்தது அதுதான். 2019 நவம்பரில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி பிறப்பித்த உத்தரவின்படி, கார்வி ஸ்டாக் புரோக்கிங் நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் கணக்குக்கு மாற்றி, அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தது. வாடிக்கையாளர்கள் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னிதான், அதாவது அவர்கள் சார்பில் பங்கை எடுக்க அனுமதிக்கும் அதிகாரப் பத்திரம்தான், அதற்குக் கதவைத் திறந்துவிட்டது.

அதன்பின் விதிகள் இறுகின. 2020 செப்டம்பரிலிருந்து, மார்ஜினுக்காக, அதாவது வர்த்தகத்துக்குப் பிணையாக, பங்கை அடகு வைத்தாலும் அது உங்கள் டீமேட்டிலேயே இருக்கும். நீங்கள் ஓடிபி கொடுத்தால்தான் அடகு செல்லும். 2022 நவம்பரில் பழைய பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக டிடிபிஐ வந்தது. விற்ற பங்கை எடுத்துக் கொடுப்பது, அடகு வைப்பது போன்ற சில காரியங்களுக்கு மட்டுமே இதில் அனுமதி. அதுவும் கட்டாயமில்லை. டிடிபிஐ கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறை விற்கும்போதும் டி-பின் என்ற ரகசிய எண்ணும் ஓடிபியும் போட்டு ஒப்புதல் தர வேண்டும். வருடத்துக்கு நாலைந்து முறை விற்பவருக்கு இது ஒரு சுமையே இல்லை. கணக்கு தொடங்கும்போது டிடிபிஐ கொடுக்காமல் விடலாம். பிறகு தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வகை புரோக்கர்கள்

ஜெரோதா, குரோ, ஏஞ்சல் ஒன், அப்ஸ்டாக்ஸ் போன்றவற்றை டிஸ்கவுண்ட் புரோக்கர்கள் என்கிறோம். எத்தனை லட்சத்துக்கு வாங்கினாலும் ஓர் ஆர்டருக்கு இவ்வளவு என்று ஓர் உச்சவரம்பு வைப்பது இவர்கள் வழக்கம். ஐசிஐசிஐ டைரக்ட், எச்டிஎஃப்சி செக்யூரிட்டீஸ் போன்ற வங்கிக் குடும்ப நிறுவனங்களும், ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஜியோஜித் போன்றவையும் மற்றொரு வகை. இவற்றில் பெரும்பாலும் வர்த்தகத் தொகையில் இத்தனை சதவீதம் என்று தரகு இருக்கும். பதிலுக்கு ஆய்வு அறிக்கை, நேரில் பேச ஆள், வங்கிக் கணக்கோடு இணைந்த மூன்று-இன்-ஒன் கணக்கு கிடைக்கும். ஆனால் இந்த நிறுவனங்களும் இப்போது டிஸ்கவுண்ட் திட்டங்களைத் தனியாக வைத்திருப்பதால் பெயரை வைத்து மலிவு, விலை அதிகம் என்று சொல்லிவிட முடியாது. வாரிசுப் பெயர் மாற்றம், பழைய காகிதப் பங்குகளை டீமேட்டுக்கு மாற்றுவது என்று வீட்டில் வேலை கிடந்தால், நேரில் போகக்கூடிய ஒரு கிளைக்குக் கொஞ்சம் கூடுதல் தரகு கொடுப்பது நியாயமான செலவே.

கட்டணம்: எங்கே எவ்வளவு போகிறது

விளம்பரத்தில் பெரிதாக இருப்பது தரகு. ஆனால் டெலிவரியாக வாங்குபவருக்கு, அதாவது வாங்கிய பங்கை டீமேட்டில் வைத்திருப்பவருக்கு, செலவின் பெரும்பகுதி மற்ற வரிகளே. பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1%. முத்திரைத் தீர்வை வாங்கும்போது மட்டும் 0.015%. பங்குச்சந்தைக் கட்டணம் தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இயில் சுமார் 0.003%. செபி கட்டணம் கோடிக்கு 10 ரூபாய், கண்டுகொள்ள வேண்டியதில்லை. தரகு, சந்தைக் கட்டணம், செபி கட்டணம் ஆகியவற்றின்மேல் 18% ஜிஎஸ்டி. இவை எந்த புரோக்கரிடம் போனாலும் மாறாது. "எங்களிடம் எஸ்டிடி குறைவு" என்று யாராவது சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

புரோக்கருக்குப் புரோக்கர் மாறுபவை தரகும் டிபி கட்டணமும். இந்த இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. டீமேட்டிலிருந்து பங்கு வெளியே போகும்போது, ஒரு நிறுவனப் பங்குக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை பிடிக்கப்படும் தொகை இது. ஒரு பங்கு விற்றாலும் ஆயிரம் பங்கு விற்றாலும் ஒரே தொகைதான். ஜிஎஸ்டியோடு சேர்த்துப் பெரும்பாலும் 15 முதல் 25 ரூபாய்க்குள் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று வகைப் பட்டியல்களை எடுத்துக்கொள்ளலாம். 'அ' புரோக்கரிடம் டெலிவரிக்குத் தரகு இல்லை. டிபி கட்டணம் 15.34 ரூபாய். 'ஆ' புரோக்கரிடம் 0.1% அல்லது 20 ரூபாய், எது குறைவோ அது. குறைந்தபட்சம் 5 ரூபாய். டிபி கட்டணம் 23.60. 'இ' புரோக்கரிடம் 0.5% தரகு, குறைந்தபட்சம் 25 ரூபாய். டிபி கட்டணம் அதே 23.60.

10,000 ரூபாய்க்கு ஒரு பங்கை வாங்கி, பிறகு ஒருநாள் அதே விலைக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். வரிகளும் சந்தைக் கட்டணமும் சேர்ந்து சுமார் 22 ரூபாய். இது மூவருக்கும் பொது. 'அ'விடம் மொத்தச் செலவு சுமார் 38 ரூபாய். 'ஆ'விடம் இரண்டு பக்கமும் பத்துப் பத்து ரூபாய் தரகு, ஜிஎஸ்டி, டிபி எல்லாம் சேர்ந்து 69. 'இ'யிடம் 164. 'இ' விலை அதிகம் என்பது இதிலேயே தெரிகிறது.

இப்போது தொகையை 2 லட்சமாக்குங்கள். பொதுச் செலவு மட்டும் சுமார் 445 ரூபாய். 'அ'விடம் மொத்தம் 460. 'ஆ'விடம் தரகு 20 ரூபாயில் நின்றுவிடுவதால் 515. 'இ'யிடம் 2,800ஐத் தாண்டும். அதாவது வருடத்துக்கு இரண்டு மூன்று முறை பெரிய தொகைக்கு வாங்குபவருக்கு 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் உள்ள வித்தியாசம் 55 ரூபாய்தான். "ஜீரோ புரோக்கரேஜ்" என்ற ஒரே காரணத்துக்காக அவர் ஆப் மாற்றத் தேவையில்லை. சேவை எது நன்றாக இருக்கிறதோ அங்கே இருக்கலாம்.

தொகை சிறிதானால் கதை மாறும். 2,000 ரூபாய்க்கு வாங்கி விற்றால் 'அ'விடமே சுமார் 20 ரூபாய் போகிறது. அதில் 15 ரூபாய் டிபி கட்டணம். போட்ட பணத்தில் 1% அங்கேயே காலி. 'இ'யிடம் குறைந்தபட்சத் தரகு இரண்டு முறை விழுவதால் 87 ரூபாய், அதாவது நாலு சதவீதத்துக்கு மேல். மாதம் 500 ரூபாய்க்கு ஒரு பங்கு என்று சேமிப்பவர் 'ஆ'விடம் போனால், ஒவ்வொரு வாங்கலுக்கும் குறைந்தபட்சத் தரகு 5 ரூபாய், அதுவும் 1%. ஆகவே பட்டியலில் தேட வேண்டிய சொற்கள் இரண்டு: "எது குறைவோ அது", "குறைந்தபட்சம்". முதலாவது பெரிய தொகைக்காரரைக் காப்பாற்றும். இரண்டாவது சிறிய தொகைக்காரரைக் கடிக்கும்.

டிபி கட்டணத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒரே பங்கை நாலு நாளாகப் பிரித்து விற்றால் நாலு முறை கட்டணம்; ஒரே நாளில் நாலு ஆர்டராக விற்றால் ஒரு முறைதான். பத்து நிறுவனப் பங்குகளில் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் விற்றால் பத்து முறை. 'அ'விடம்கூட அது 153 ரூபாய்.

இன்னொரு குழப்பம். பரிவர்த்தனை நடந்த 24 மணி நேரத்துக்குள் மின்னஞ்சலில் காண்ட்ராக்ட் நோட் வரும். பான் எண்ணைக் கடவுச்சொல்லாகப் போட்டுத் திறப்பது வழக்கம். அதில் தரகு, எஸ்டிடி, முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் வரி வரியாக இருக்கும். டிபி கட்டணம் மட்டும் இருக்காது. அது லெட்ஜரில், அதாவது புரோக்கரிடம் உள்ள உங்கள் வரவு செலவுக் கணக்கில், தனி வரியாகப் பிடிக்கப்படும். "காண்ட்ராக்ட் நோட்டில் உள்ளதைவிடப் பணம் குறைகிறதே" என்று வரும் புகார்களில் பாதிக்கு விடை லெட்ஜரில் கிடைத்துவிடும்.

பட்டியலின் அடியில் இருப்பவை

டீமேட்டுக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. ஆனால் உங்களுக்கு மொத்தம் ஒரே ஒரு டீமேட் கணக்குதான், அதில் உள்ள மதிப்பு 4 லட்சத்துக்குள் என்றால், அதை அடிப்படைச் சேவை டீமேட் கணக்காக வைத்துக்கொள்ளலாம்; கட்டணம் கிடையாது. 4 முதல் 10 லட்சம் வரை வருடத்துக்கு 100 ரூபாய். 2024 செப்டம்பரிலிருந்து உள்ள வரம்பு இது. இரண்டாவது ஆப்பில் "சும்மா இருக்கட்டும்" என்று இன்னொரு டீமேட் தொடங்கினால் இந்தச் சலுகை போய்விடும். இலவசம் என்று தொடங்கும் இரண்டாவது கணக்கின் உண்மையான செலவு இதுதான்.

எம்டிஎஃப் என்ற பொத்தானில் கவனம் வேண்டும். பங்கின் விலையில் ஒரு பகுதியை நீங்கள் போட, மீதியை புரோக்கர் கடனாகத் தரும் ஏற்பாடு அது. வாங்கும் திரையில் டெலிவரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். "குறைந்த பணத்தில் அதிகப் பங்கு" என்று கண்ணில் படும்படி எழுதியிருக்கும். 50,000 ரூபாய் கடனுக்கு ஆண்டு வட்டி 15% என்றால் மாதம் 625 ரூபாய். அந்தப் பங்கு அடகில் இருப்பதால் அடகு வைக்கவும் மீட்கவும் தனிக் கட்டணம் வரலாம். விலை இறங்கினால் கூடுதல் பணம் கேட்பார்கள், போடாவிட்டால் விற்றுவிடுவார்கள். புதிதாக வருபவருக்கு இது வேண்டாம். அமைப்புகளில் அணைத்து வைக்க முடிகிறதா என்று பாருங்கள்; முடியாத ஆப்பாக இருந்தால் அதைக் குறையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ட்ராடேக்கு, அதாவது வாங்கி அன்றே விற்பதற்கு, வருபவருக்குத் தரகு நிஜமாகவே முக்கியம். 20,000 ரூபாய் ஆர்டருக்கு "0.03% அல்லது 20 ரூபாய், எது குறைவோ அது" என்றால் 6 ரூபாய், "ஆர்டருக்கு 20 ரூபாய்" என்றால் 20. தினம் பத்து ஆர்டர் போட்டால் 60 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். மாலை மூன்றேகால் வாக்கில் நீங்களே விற்று வெளியேறாவிட்டால் புரோக்கரின் கணினி விற்றுவிடும். அதற்கு ஆர்டருக்கு 50 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிப்பவர்கள் உண்டு. போனில் சொல்லி ஆர்டர் போட்டாலும் அப்படியே. "போட்ட பணத்துக்குப் பத்து மடங்கு, இருபது மடங்கு வாங்க லிமிட் தருகிறோம்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அழைத்தால் அவர் புரோக்கரே இல்லை. இன்ட்ராடேயில் பங்குகளுக்கு ஐந்து மடங்குக்கு மேல் கொடுக்க விதியில் இடமில்லை. 2022-23இல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டமடைந்தார்கள் என்பது செபியின் ஆய்வு. மலிவான தரகைத் தேடும் முன் அதைப் படிக்கலாம்.

மியூச்சுவல் ஃபண்டும் அதே ஆப்பில் வாங்குவதாக இருந்தால், திட்டத்தின் பெயரில் 'டைரக்ட்' என்று இருக்கிறதா, 'ரெகுலர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ரெகுலரில் விற்பவருக்கான கமிஷன் வருடா வருடம் உங்கள் பணத்திலிருந்தே போகும். பங்குத் தரகில் மிச்சம் பிடித்து இங்கே பல மடங்கு விடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆப்பைச் சோதிப்பது

விதவிதமான சார்ட்டுகள் எல்லா ஆப்பிலும் உண்டு. பார்க்க வேண்டியவை வேறு. நீங்கள் சொல்லும் விலைக்கு மட்டும் வாங்கும் லிமிட் ஆர்டர் போடுவது எளிதா, அல்லது திறந்தவுடன், கிடைக்கும் விலைக்கு வாங்கிவிடும் மார்க்கெட் ஆர்டர்தான் முன்னால் நிற்கிறதா? அதிகம் கைமாறாத சிறு பங்கில் மார்க்கெட் ஆர்டர் போட்டால், திரையில் 100 என்று இருந்த பங்கு 104க்கு வந்து சேரலாம். நீங்கள் மிச்சப்படுத்திய தரகைவிட அது பெரிது. ஜிடிடி ஆர்டர் உண்டா? வேலைக்குப் போகிறவர் நாள்தோறும் ஆர்டர் போட்டுக்கொண்டிருக்க முடியாது. ஒரு விலையைக் குறித்துவிட்டால், அந்த விலை வரும்போது ஆர்டர் தானாகச் சந்தைக்குப் போவது இதில்தான். லெட்ஜரையும் வரிக் கணக்கு அறிக்கையையும் எத்தனை தட்டலில் எடுக்க முடிகிறது?

காலை 9.15க்குச் சந்தை திறந்த முதல் பத்து நிமிடமும், சந்தை பலமாக விழும் நாளும்தான் ஆப்புக்குப் பரீட்சை. அன்று முடங்கிய ஆப்களைப் பற்றிப் பயனர்கள் எழுதியதைப் பிளே ஸ்டோரில் புதிய விமர்சனங்கள் வரிசையில் தேடிப் படியுங்கள். நட்சத்திரச் சராசரி உதவாது. புரோக்கரின் முழு அமைப்பும் முடங்கினால் இன்னும் முடிக்காமல் கையிலுள்ள வர்த்தகத்தை முடித்துக்கொள்ள மட்டும் பங்குச்சந்தைகள் சேர்ந்து ஐஆர்ஆர்ஏ என்ற மாற்று வழியை 2023இல் தொடங்கின. அதில் புதிதாக வாங்க முடியாது. போனில் பேசி ஆர்டர் போடும் எண்ணைக் கணக்கு தொடங்கிய அன்றே சேமித்து, ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எடுக்க எவ்வளவு நேரமாகிறது என்பதே வாடிக்கையாளர் சேவையைப் பற்றிய நேரடிச் சான்று.

புகார்களின் எண்ணிக்கையை என்எஸ்இ தன் தளத்தில் புரோக்கர் வாரியாக வெளியிடுகிறது. வெறும் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பெரிய புரோக்கருக்குப் புகார் அதிகமாகத்தான் இருக்கும். செயலில் உள்ள வாடிக்கையாளர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

கணக்கு தொடங்கும்போது தடுக்குபவை

முதலில் புரோக்கரின் செபி பதிவு எண்ணைச் செபி தளத்தில் தேடிச் சரிபாருங்கள். பெரிய நிறுவனங்களின் பெயரிலேயே போலி ஆப்கள் சுற்றுகின்றன. பிளே ஸ்டோருக்கு வெளியே அனுப்பிவைக்கும் ஏபிகே என்ற ஆப் கோப்பு, தனிநபர் பெயரிலுள்ள யுபிஐ எண், "எங்கள் விஐபி கணக்கு" என்ற பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் மோசடி. 2025 அக்டோபரிலிருந்து, பதிவுபெற்ற புரோக்கர்களுக்குப் பணம் அனுப்ப 'வேலிட்' என்ற ஆங்கிலச் சொல் சேர்ந்த யுபிஐ முகவரிகள் வந்துவிட்டன; 'செபி செக்' வசதியில் போட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

ஆதாரோடு இணைந்த மொபைல் எண் இப்போது உங்கள் கையில் இருக்க வேண்டும்; இ-சைன் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். தமிழ்நாட்டில் அடிக்கடி சிக்குவது இன்ஷியல். பானில் தந்தை பெயர் விரிந்தும், ஆதாரில் ஒற்றை எழுத்தாகவும், வங்கியில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரலாம்; முன்கூட்டியே ஒன்றைத் திருத்திவிடுவது நல்லது. கையெழுத்தை வெள்ளைத்தாளில் பேனாவால் போட்டு நிழல் விழாமல் படமெடுங்கள், பென்சில் ஏற்கப்படாது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவு முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வருமானச் சான்று கேட்பது அதற்குத்தான். நாமினி பெயரை அன்றே சேர்த்துவிடுங்கள்.

முதல் ஆர்டர் ஒரே ஒரு பங்காக இருக்கட்டும். வாங்கியதற்கு அடுத்த வர்த்தக நாளில் அது டீமேட்டில் வந்துவிட வேண்டும். ஆப்பில் பார்ப்பதோடு நிற்காமல் சிடிஎஸ்எல்லின் 'மை ஈஸி' ஆப்பிலோ என்எஸ்டிஎல் தளத்திலோ நேரடியாகப் பாருங்கள். டெபாசிட்டரி மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த அறிக்கையிலும் அது இருக்க வேண்டும். பிறகு கணக்கில் மிஞ்சிய பணத்தில் நூறு ரூபாயை வங்கிக்குத் திருப்பி எடுத்துப் பாருங்கள். பயன்படுத்தாமல் கிடக்கும் பணத்தை புரோக்கர் மாதம் ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ தானாக வங்கிக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும். திடீரென்று பணம் வந்தால் பதற வேண்டாம்.

பிடிக்கவில்லை என்றால் மாறுவது கடினமல்ல. பங்குகளை விற்காமலே புதிய டீமேட்டுக்கு மாற்றலாம். விற்றால் வரி வரும், மாற்றினால் வராது. பெயர், பான், கூட்டுக் கணக்கானால் பெயர்களின் வரிசை, எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்து, பழைய கணக்கை மூடி மாற்றும்படி கேட்டால் மாற்றக் கட்டணம் கிடையாது. மூடுவதற்கும் கட்டணம் இல்லை. லெட்ஜரில் பாக்கி பூஜ்ஜியமாக இருக்க வேண்டும், அடகில் எதுவும் இருக்கக் கூடாது. புதிய இடத்தில் வாங்கிய தேதியும் விலையும் தானாக வந்து சேராமல் போவதுண்டு. பழைய கணக்கு மூடப்படுவதற்கு முன் பரிவர்த்தனை அறிக்கை முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புரோக்கர் இழுத்தடித்தால் முதலில் அவரிடமே எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள்; அடுத்து செபியின் ஸ்கோர்ஸ் தளம். அங்கே பதிவான புகாருக்கு 21 நாட்களுக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும்.